விருதுத் திரை – 9: மதிலுக்கு அப்பால் கேட்பவை

2023 மே மாதம் நடைபெற்ற கான் திரைப்பட விழாவில், தலைமைப் பரிசான தங்கப் பனை விருதை பிரெஞ்சு இயக்குநர் ஜுஸ்தீன் த்ரியேயின் 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்' படமும், அதற்கு அடுத்த நிலையிலுள்ள கிராண்ட் பிரீ விருதை பிரிட்டிஷ் இயக்குநர் ஜொனாதன் கிளேசரின் 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' படமும் பெற்றன. இரண்டிலும் முதன்மைப் பெண் பாத்திரத்தை ஏற்றவர் ஜெர்மன் நடிகை சாண்ட்ரா ஹுல்லர் என்பதால் இவ்விரண்டையும் சேர்த்துப் பேசுவது இயல்பாகிவிட்டது. ஆயினும் நடிகையைவிட நெருங்கிய உறவொன்று இவற்றுக்கிடையே உண்டு. கதையின் தலையாய வன்முறையை இரு படங்களும் கண்ணுக்கு மறுத்துவிட்டுக் காதுக்கு மட்டுமே தருகின்றன.

கிளேசரின் படம், ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதியாக இருந்த ருடால்ஃப் ஹெஸ், தம் மனைவி ஹெட்விக்குடனும் குழந்தைகளுடனும் முகாமின் மதிலை ஒட்டிய வீட்டில் நடத்திய இல்வாழ்க்கையைப் பற்றியது. வீட்டுக்குள் பல படக்கருவிகளை மறைத்துவைத்து, செயற்கை விளக்குகள் இன்றி, படப்பிடிப்புக் குழுவினரை நடிகர்களின் பார்வையிலிருந்து விலக்கி எடுக்கப்பட்டதால், பூச்செடிகளுக்கு நீர் ஊற்றுவதும் மேசையில் உணவு பரிமாறுவதும் வேவு பார்த்துப் பதிவு செய்தவை போல நிகழ்கின்றன. மதிலுக்கு அப்பால் நடப்பதைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் ஒலி வடிவமைப்பிடம், அதாவது எந்த ஓசை எவ்வளவு தொலைவிலிருந்து எந்த அளவில் கேட்க வேண்டும் என்று திட்டமிட்டு அமைக்கும் கலையிடம், விடப்பட்டுள்ளது. ஜானி பர்ன் அமைத்த அந்த ஓசைப் பரப்பில் துப்பாக்கி வெடிப்பு, நாய்க்குரைப்பு, அலறல் ஆகியவை அவ்வப்போது எழுந்து அடங்க, உலைகளின் உறுமல் மட்டும் ஓயாமல் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த அமைப்பின் உண்மையான சோதனை ஹெட்விக்கின் தாய் வந்து தங்கும் பகுதியில் நிகழ்கிறது. மகளின் தோட்டத்தைக் கண்டு பூரித்து, தாம் முன்பு வேலை செய்த வீட்டு யூதப் பெண்மணி இப்போது அந்த மதிலுக்குப் பின்னால் இருக்கக்கூடும் என்று சற்றும் துயரமின்றிப் பேசும் அம்முதியவர், இரவில் சாளரத்தின் வழியே பரவும் செந்நிற ஒளியாலும் ஓசையாலும் உறக்கம் இழந்து, விடைபெறாமலேயே ஒரு கடிதத்தை மட்டும் வைத்துவிட்டுச் சென்றுவிடுகிறார். அவரை வெளியேற்றியது மனசாட்சி என்று கொள்வதற்குப் படத்தில் சான்று இல்லை. அவர் காது இன்னும் பழகியிருக்கவில்லை, அவ்வளவே. அவருக்கு முன்பிருந்தே அந்த வீட்டில் அமர்ந்திருக்கும் பார்வையாளரோ, உலையின் உறுமலை எப்போது கவனிக்கத் தவறினோம் என்பதை அந்த வெற்றுப் படுக்கையைக் கண்ட பிறகே உணர்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. கைதிகளுக்காக இரவில் பழங்களை ஒளித்துவைக்கும் போலந்துச் சிறுமியைக் கிளேசர் வெப்பப் படக்கருவியால், அதாவது ஒளிக்குப் பதிலாக உடலின் வெப்பத்தைப் பதிவு செய்யும் கருவியால், எடுத்திருக்கிறார்; எதிர்மறைப் படம் போன்ற அத்தோற்றம் செய்தியைக் காட்டிலும் உத்தியையே முன்னிறுத்துகிறது. இருப்பினும் பின்னர் ஆப்பிளுக்காகச் சண்டையிட்ட கைதிக்கு விதிக்கப்படும் தண்டனையை, அறைக்குள் விளையாடும் சிறுவன் சாளரத்தின் வழியே கேட்கும்போதுதான் அச்சிறுமியின் இரக்கம் எங்கே போய் முடிந்தது என்பது புலப்படுகிறது. அங்கும் வேலை செய்வது காதுதான்.

த்ரியேயின் படத்தில் கேள்வி வேறு. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலை வீடொன்றின் மேல்தளத்திலிருந்து விழுந்து இறந்த கணவனை மனைவி கொன்றாளா என்று விசாரிக்கும் நீதிமன்றத்தில், முதன்மைச் சாட்சி பார்வைக் குறைபாடுள்ள மகன் தானியேல். தாய் தந்தையின் பேச்சு அமைதியாகவே இருந்தது என்று அவன் சொல்ல, மேல்தளத்தில் அலறவிட்ட இசையினூடே பேச்சொலி கேட்டிருக்குமா என்று காவல்துறை அதே வீட்டில் ஒத்திகை நடத்திப் பார்க்கிறது. இறப்பதற்கு முந்தைய நாள் கணவன் இரகசியமாகப் பதிவு செய்த சண்டை, நீதிமன்றத்தில் ஒலிக்கிறது. சொற்கள் ஏறிக்கொண்டிருக்கும்வரை அச்சண்டையைக் காட்சியாகவே காட்டும் த்ரியே, கைகலப்பு தொடங்கும் நொடியில் நீதிமன்றத்துக்குத் திரும்பிவிடுகிறார். பொருள் உடையும் ஓசை கேட்கிறது, யார் யாரை அடித்தார்கள் என்பது கேட்பவரின் ஊகத்துக்கு விடப்படுகிறது. இதனினும் துணிவானது மகனின் கடைசிச் சாட்சியம்: நினைவுக்காட்சியில் வாகனம் ஓட்டும் தந்தையின் உதடுகள் அசைய, வெளிப்படுவது மகனின் குரல். பையன் நினைவுகூர்கிறானா, தாய்க்காகப் புனைகிறானா என்ற ஐயத்தை ஒரு வசனமும் இன்றி எழுப்பிவிடும் அந்த ஒரு காட்சி, இரண்டரை மணி நேரப் படத்தின் நீண்ட வழக்காடல்கள் சிலவற்றைத் தேவையற்றவை ஆக்கிவிடுகிறது.

2024 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவில், சிறந்த பன்னாட்டுத் திரைப்படத்துக்கான விருதோடு சிறந்த ஒலிக்கான விருதையும் 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' பெற்றது. ஒலிப் பிரிவில் அது வென்ற போட்டியாளர்களுள் அணுகுண்டு வெடிப்பைத் திரையரங்கே அதிரக் கேட்கவைத்த 'ஓப்பன்ஹைமர்' படமும் இருந்தது என்பதால், ஓங்கிய ஒலியைவிட அடங்கிய ஒலியைத் தேர்ந்த அந்த முடிவு பாராட்டத்தக்கது. த்ரியேயின் படத்துக்கோ மூலத் திரைக்கதைக்கான விருது மட்டுமே கிடைத்தது. ஒலிப் பிரிவின் ஐந்து பரிந்துரைகளில் அதற்கு இடமே இல்லை.

(தொடரும்)