பனிக்கட்டியின் மேல் ஒரு முக்காலி

வேட்டை என்றதும் நம் நினைவுக்கு வருபவை துப்பாக்கி, வில், ஈட்டி, வலை. உட்காரும் ஆசனம் யாருக்கும் நினைவுக்கு வராது. மணைக்கும் முக்காலிக்கும் வேட்டைக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம் உண்டு! உலகத்தின் வட கோடியில் வாழும் மக்கள், கடல்நாய் வேட்டைக்குப் புறப்படும்போது ஈட்டியை எப்படிக் கவனித்து எடுத்தார்களோ, அப்படியே உட்காரும் ஆசனத்தையும் கவனித்தார்கள். ஆசனம் சரியில்லை என்றால் வேட்டை கெட்டது. வேட்டை கெட்டால் வீட்டில் உணவு மட்டும் அல்ல, விளக்கும் இல்லை. குடிக்கத் தண்ணீரும் இல்லை!

மரம் இல்லாத நாடு

கிரீன்லாந்து, கனடாவின் வட பகுதி, அலாஸ்காவின் வட கரை ஆகிய இடங்களில் வாழும் மக்களை வெளியார் முன்பு "எஸ்கிமோக்கள்" என்று அழைத்தார்கள். அவர்களுடைய சொந்தப் பெயர் "இனூயிட்". மக்கள் என்பது அதன் பொருள். அலாஸ்காவின் வட கரையில் வாழும் அவர்களுடைய இனத்தாருக்கு "இனுப்பியாத்" என்று பெயர்.

அங்கே குளிர்காலத்தில் பல வாரங்களுக்குச் சூரியன் உதிப்பதே இல்லை. கடலின் மேற்பரப்பு உறைந்து கல்லாகிவிடும். சில இடங்களில் பனிக்கட்டி ஓர் ஆளின் உயரத்துக்கும் மேலே கனத்துப் போகும். பயிர் கிடையாது. மரம் கிடையாது. மரம் இல்லாததால் விறகும் கிடையாது.

பிறகு எப்படிப் பிழைத்தார்கள்? கடல்நாய்தான் அவர்களைக் காப்பாற்றியது. ஆங்கிலத்தில் "சீல்" என்று சொல்லும் பிராணி இது. அதன் இறைச்சி உணவு. தோல் காலணி. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு விளக்கு எண்ணெய். மாவுக்கல்லைக் குடைந்து அகல் போன்ற பெரிய விளக்கு செய்வார்கள். பாசியைத் திரியாக வைப்பார்கள். அந்த விளக்கில்தான் பனியை உருக்கித் தண்ணீர் எடுப்பார்கள். ஈரத் துணியை அதன் மேல் உலர்த்துவார்கள். விளக்கைக் காப்பது வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. எண்ணெய் கொண்டு வருவது ஆணின் பொறுப்பு.

மூச்சுத் துளை

கடல்நாய் தண்ணீரில் வாழ்ந்தாலும் மீன் அல்ல. நம்மைப் போலக் காற்றைச் சுவாசிக்கும் பிராணி. எவ்வளவு நேரம் மூழ்கியிருந்தாலும் மூச்சு விட மேலே வந்தே ஆகவேண்டும்.

கடல் உறைந்துவிட்டால் என்ன செய்யும்? பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும்போதே, முன்கால் நகங்களால் அதில் துளை போட்டு வைத்துக்கொள்ளும். பனி கனமாகக் கனமாகச் சுரண்டிக்கொண்டே இருக்கும். ஒரு கடல்நாய்க்கு ஒரு துளை அல்ல, பல துளைகள் உண்டு. துளையின் மேல் வாய் மிகச் சிறியது. அதையும் பனித்தூள் மூடியிருக்கும். மனிதன் கண்ணுக்குத் தெரியாது. நாயின் மூக்குத்தான் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கும்.

துளை கிடைத்ததும் வேட்டைக்காரர் நாயை அப்பால் அனுப்பிவிடுவார். வளைந்த கொம்புக் குச்சியை உள்ளே விட்டு, துளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பார். ஈட்டியை எந்த வாட்டத்தில் இறக்கவேண்டும் என்பது அதிலிருந்து தெரியும். பிறகு பனித்தூளை முன்போலவே மூடிவிட்டு, எலும்பினால் செய்த மெல்லிய ஊசிக் குச்சி ஒன்றைத் துளைக்குள் நட்டு வைப்பார். கடல்நாய் வரும்போது தண்ணீர் எழும்பும். குச்சி ஆடும். அதுதான் அடையாளம். கண்ணுக்குத் தெரியாத பிராணியை, அந்தக் குச்சி ஆடுவதைப் பார்த்தே குத்தவேண்டும்!

பத்து மணி நேரத் தவம்

கடல்நாய் எப்போது வரும்? யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் பல துளைகள் இருக்கின்றனவே! இந்தத் துளைக்கு உடனே வரலாம். மாலை வரை வராமலும் இருக்கலாம். அதனால் பல பேர் சேர்ந்து போய், துளைக்கு ஒருவராகக் காவல் இருப்பது வழக்கம்.

எட்வர்டு பாரி என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர், 1821 முதல் 1823 வரை கனடாவின் வட கடலில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்தவர். இந்த வேட்டையை அவர் எழுதி வைத்திருக்கிறார். பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்ட கடுங்குளிரில் ஒரே இடத்தில் 10, 12 மணி நேரம் கூட உட்கார்ந்திருப்பார்களாம். உடை சரசரக்காமல் இருக்க, இரண்டு முழங்கால்களையும் தோல் வாரினால் சேர்த்துக் கட்டிக்கொள்வார்களாம்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? காய்ந்த பனியின் மேல் காலை நகர்த்தினால் கறுக்கென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் பனிக்கட்டி வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும். கடல்நாயின் காது மிகக் கூர்மை. ஒரு சின்ன ஓசை கேட்டால் போதும். வேறு துளைக்குப் போய்விடும். காலையிலிருந்து காத்திருந்தது அத்தனையும் வீண்!

ஆசனத்துக்கு நான்கு சோதனை

கட்டாந்தரையில் சம்மணம் போட்டு உட்காருவது நமக்கு எளிது. பனிக்கட்டியின் மேல் அது ஆகாது. உடம்பின் சூட்டைப் பனி உறிஞ்சிவிடும். முதலில் மரத்துப் போவது பாதம். மரத்த பாதத்தை அசைக்காமல் இருக்க முடியாது. அசைத்தால் சத்தம். ஆகவே வேட்டைக்காரரின் ஆசனம் நான்கு சோதனையில் தேறவேண்டும்.

ஒன்று: அது கிறீச்சிடக் கூடாது, ஆடக் கூடாது.

இரண்டு: உடம்பையும் பாதத்தையும் பனியிலிருந்து பிரித்து வைக்கவேண்டும்.

மூன்று: ஈட்டி, கயிறு எல்லாவற்றோடும் நெடுந்தூரம் தூக்கிப் போகும்படி இலேசாக இருக்கவேண்டும்.

நான்கு: குச்சி ஆடியதும் ஒரே நொடியில் எழுந்து குத்தும்படி இருக்கவேண்டும்.

சாய்மானம், மெத்தை, கைப்பிடி எதுவும் இந்தக் கணக்கில் வராது. சுகமாகச் சாய்ந்தவருக்குத் தூக்கம் வரும். தூங்கினால் குச்சி ஆடியது எப்படித் தெரியும்?

மூன்று நாடு, மூன்று ஆசனம்

இந்தச் சோதனைகள் எங்கும் ஒன்றுதான். ஆனால் விடை இடத்துக்கு இடம் வேறுபட்டது.

அலாஸ்காவின் வட முனையில் பாயிண்ட் பாரோ என்ற இடம் இருக்கிறது. 1881 முதல் 1883 வரை அங்கே தங்கிய அமெரிக்க ஆராய்ச்சிக் குழுவில் ஜான் மர்டாக் என்பவர் இருந்தார். அங்குள்ள பொருள்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1892-ல் வெளிவந்தது. கடல்நாய்த் துளைக்கு எடுத்துப் போகும் முக்காலியும் அதில் இடம் பெற்றிருக்கிறது. முக்கோணப் பலகை, குட்டையான மூன்று கால். அவ்வளவுதான். காத்திருப்பவர் அதன் மேல் ஏறி நிற்பார், அல்லது குத்தவைத்து உட்காருவார். பாதம் பனியில் படாது.

ஏன் மூன்று கால்? நம் வீட்டு நாற்காலியை மேடு பள்ளமான தரையில் போட்டுப் பாருங்கள். ஒரு கால் தூக்கிக்கொண்டு "டொக் டொக்" என்று ஆடும். முக்காலியை எங்கே போட்டாலும் மூன்று காலும் தரையைத் தொடும். ஆடாது, சத்தமும் வராது.

கிரீன்லாந்தில் வேறு முறை. டேவிட் கிரான்ட்ஸ் என்ற பாதிரியார் 1761-ல் அங்கே போனார். அவருடைய கிரீன்லாந்து வரலாறு 1765-ல் அச்சாயிற்று. அதில் வரும் வேட்டைக்காரருக்கு ஆசனம் இரண்டு. உட்காருவது ஒற்றைக்கால் பலகை. பாதத்தை வைப்பது சிறு முக்காலி. ஒற்றைக்கால் பலகை தானாக நிற்காது. உட்காருபவர் தம் கால்களை ஊன்றினால்தான் நிற்கும். கண் அயர்ந்தால் ஆளும் பலகையும் சேர்ந்து சாயவேண்டியதுதான்! ஆனால் எழுவதற்கு அதைப் போல வசதி இல்லை. உடம்பை முன்னே சாய்த்தால் போதும், எழுந்துவிடலாம்.

இந்த இரு நாட்டாருக்கும் பலகைக்கு மரம் எங்கிருந்து வந்தது? தூர தேசத்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து கடலில் தள்ளிய மரம், மிதந்து வந்து கரையில் ஒதுங்கியது.

பனியே மணை!

நடுவில், கனடாவின் வட கரையில் வாழ்ந்தவர்கள் நெத்சிலிக் என்ற இனூயிட் கூட்டத்தார். இவர்கள் கரையில் மிதவை மரமும் ஒதுங்குவது அரிது. 1832-ல் ஜான் ராஸ் என்ற கப்பல் தலைவர், பனியில் சிக்கிய "விக்டரி" என்ற கப்பலை இவர்கள் பகுதியில் கைவிட்டுப் போனார். அதிலிருந்து கிடைத்த மரத்தையும் இரும்பையும் புதையலாகப் பாதுகாத்தார்கள். மரம் இல்லாத குறையால், தோலுக்குள் மீனை வைத்துச் சுருட்டி உறையவிட்டு, அதையே சறுக்கு வண்டிக்குக் கட்டையாக வைத்தவர்கள் இவர்கள்!

இப்படிப்பட்டவர்கள் உட்காருவதற்கு மரத்தைச் செலவழிப்பார்களா? பனிக் கத்தியால் இறுகிய பனியைச் செங்கல் போல வெட்டினார்கள். அதுவே மணை. அதன் மேல் ஒரு துண்டுத் தோலை விரித்து உட்கார்ந்தார்கள். பாதத்துக்கு அடியிலும் ரோமத்தோல். கரிபு என்னும் பனிமானின் ரோமம் ஒவ்வொன்றும் உள்ளே துளை உள்ளது. அதில் காற்று அடைபட்டு நிற்பதால் குளிர் ஏறாது. காற்று பலமாக வீசினால் முதுகுப் பக்கம் பனிக்கட்டிகளை அடுக்கிச் சிறு சுவர் எழுப்புவார்கள்.

சுமந்து போவது தோல் துண்டும் கத்தியும் மட்டுமே. ஆசனம் போகும் இடத்தில் கிடைக்கும்!

பங்கு யாருக்கு?

குச்சி ஆடியது. எழுந்தார். குத்தினார். ஈட்டியின் முனை கழன்று கடல்நாயின் உடலில் தங்கிவிடும். முனையில் கட்டிய கயிறு வேட்டைக்காரர் கையில். துளையை அகலமாக வெட்டிப் பிராணியை மேலே இழுப்பார்.

இறந்த கடல்நாயின் வாயில் கொஞ்சம் நல்ல தண்ணீர் விடுவது பல இடங்களில் வழக்கம். உப்புக் கடலில் வாழ்ந்த பிராணிக்குத் தாகம் இருக்கும் என்பது நம்பிக்கை. உயிரைக் கொடுத்ததற்கு அது மரியாதை.

இறைச்சி ஒரு வீட்டோடு நிற்காது. நெத்சிலிக் மக்களிடையே கடல்நாயின் ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய பங்காளி உண்டு. தோள் ஒருவருக்கு, தொடை ஒருவருக்கு என்று சிறு வயதிலிருந்தே முறை வகுத்துவிடுவார்கள். இன்று வெறுங்கையோடு திரும்பியவர் வீட்டிலும் விளக்கு எரியும். நாளை அவர் துளைக்குக் கடல்நாய் வரும்போது, இவர் வீட்டுக்குப் பங்கு வரும். பனியின் மேல் உட்கார்ந்த ஒருவரின் பொறுமையில் பல வீட்டுக் குழந்தைகளின் பசி தீர்ந்தது.

இப்போது எப்படி?

துப்பாக்கியும், பனியில் ஓடும் மோட்டார் வண்டியும் வந்த பிறகு இந்த வேட்டை மாறிவிட்டது. பழைய முறை மறைந்துவிடக் கூடாது என்று 1963 முதல் 1965 வரை மானிடவியல் அறிஞர் ஆசென் பலிக்சி, நெத்சிலிக் குடும்பங்களைக் கொண்டே அதைத் திரைப்படமாக எடுத்து வைத்தார். பனி மணை, ரோமத்தோல், குச்சி, ஈட்டி எல்லாவற்றையும் அந்தப் படங்களில் காணலாம்.

1999-ல் கனடாவில் நூனவுட் என்ற தனி ஆட்சிப் பகுதி இனூயிட் மக்களுக்காக அமைந்தது. அங்கே கடல்நாய் இன்றும் வீட்டு உணவுதான். ஆனால் பூமி சூடாகி வருவதால் கடல் தாமதமாக உறைகிறது, சீக்கிரம் உருகுகிறது. ஆகவே பெரியவர்கள் பனிக்குப் போகும் பையன்களுக்குச் சத்தம் போடாமல் இருக்க மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது. காலடியில் இருக்கும் பனி ஆளைத் தாங்குமா என்று தட்டிப் பார்க்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள்.