எழுத்தாளர் தன் பெயரோடு வரட்டும்

2004 பிப்ரவரியில் அமேசானின் கனடா தளத்தில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு. பெயர் சொல்லாமல் நூல் விமர்சனம் எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் சில நாட்கள் எல்லோர் கண்ணிலும் பட்டன. சிகாகோ வாசகர் என்று சொல்லிக்கொண்டு ஒரு நாவலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தவர், அந்த நாவலை எழுதிய ஜான் ரெச்சியேதான். வாழ்நாள் சாதனைக்காக விருது பெற்ற அமெரிக்க எழுத்தாளர் அவர்.

இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பழக்கம் இருந்தது. 1855இல் கவிஞர் வால்ட் விட்மன் தன் முதல் தொகுப்புக்குத் தானே பெயர் போடாமல் மதிப்புரைகள் எழுதினார். 1963இல் ஆந்தனி பர்ஜெஸ், புனைபெயரில் வெளியிட்ட தன் நாவலுக்குத் தானே மதிப்புரை எழுதியதால் யார்க்ஷயர் போஸ்ட் நாளிதழில் மதிப்புரை எழுதும் வேலையை இழந்தார். நாளிதழில் தட்டிக்கேட்க ஓர் ஆசிரியர் இருந்தார். வாசகர் தளங்களிலோ ஒரே மாலையில் ஒருவர் பத்துப் பெயர்களில் கணக்குத் தொடங்கிவிடலாம்.

தன்னைப் புகழ்வதோடு இது நிற்பதும் இல்லை. பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஆர்லாண்டோ ஃபைஜீஸ், அமேசானில் பெயரை மறைத்துக்கொண்டு தன் நூலைப் பாராட்டியும் சக ஆய்வாளர்களின் நூல்களை மட்டம்தட்டியும் எழுதியது 2010இல் வெளிப்பட்டது. அவர் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் கொடுக்க நேர்ந்தது. 2023 டிசம்பரில் குட்ரீட்ஸ் என்ற வாசகர் தளத்தில் இன்னும் மோசமான சம்பவம். முதல் நாவல் வெளிவரக் காத்திருந்த ஓர் அமெரிக்க எழுத்தாளர், போலிக் கணக்குகள் மூலம் மற்ற அறிமுக எழுத்தாளர்களின் நூல்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். விஷயம் அம்பலமானதும் பதிப்பகம் அவரைக் கைவிட்டது.

இதற்கெல்லாம் பயந்து எழுத்தாளர்கள் தங்கள் நூலைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று தடுத்தால், அடி யாருக்கு? பெரிய பதிப்பகத்தின் ஆசிரியருக்கு விளம்பரம் வேறு வழியில் வந்துவிடும். சொந்தக் காசில் முதல் புத்தகம் போட்டவருக்கு வாசகர் கூடும் இடத்தை விட்டால் வேறு வழி கிடையாது. அவருக்கும் ஓர் இடம் தருவதுதான் நியாயமான விதி.

அந்த இடத்தை எங்கே தருவது என்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. 2005இல் தொடங்கிய லைப்ரரிதிங் தளத்தில், வாசகர்கள் பேசிக்கொள்ளும் குழுக்களில் எழுத்தாளர் தன் நூலை விளம்பரப்படுத்தக் கூடாது. அதற்கென்றே தனிக் குழு உண்டு. ரெட்டிட் தளத்தில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவந்த வழிகாட்டுதல் ஒன்பதுக்கு ஒன்று. ஒருவர் போடும் பத்துப் பதிவுகளில் ஒன்று மட்டும் தன் படைப்பைப் பற்றியதாக இருக்கலாம். மற்ற ஒன்பதிலும் அவர் பிறர் எழுத்தைப் படித்துப் பேசுகிற வாசகராக இருக்க வேண்டும்.

இடமும் அளவும் வகுத்த பிறகு, வெளிப்படைத்தன்மை. நூலாசிரியர், பதிப்பாளர், குடும்பத்தார், நெருங்கிய நண்பர் யாராக இருந்தாலும் அந்த உறவைச் சொல்லிவிட்டே பேச வேண்டும். ‘நீ என் நூலுக்கு எழுது, நான் உன் நூலுக்கு எழுதுகிறேன்’ என்ற ஒப்பந்தத்தையும் அப்படியே பார்க்க வேண்டும். காசு கொடுத்து மதிப்புரை வாங்குவதற்கு மட்டும் முழுத் தடை தேவை. 2012இல் அமெரிக்காவில் 999 டாலருக்கு 50 மதிப்புரைகள் எழுதித் தந்த நிறுவனம் பற்றிய செய்தி வெளியானது.

அரசுகளும் இதைக் கவனிக்கத் தொடங்கியுள்ளன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கான தரவரையறையை வெளியிட்டது. அமெரிக்காவில் போலி மதிப்புரைகளைத் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் ஒரு வாசகர் குழுவுக்குச் சட்டத்தைவிட அதை நடத்துபவர்களின் நேர்மைதான் முக்கியம். சேரும்போதே விதி கண்ணில் பட வேண்டும். முதல் தவறுக்கு எச்சரிக்கை போதும்; போலிக் கணக்குக்கு உடனே வெளியேற்றம். புகழ்பெற்றவருக்கும் புதியவருக்கும் நடவடிக்கை ஒன்றாகவே இருக்க வேண்டும். நூல் பிடிக்கவில்லை என்று எழுதிய வாசகரிடம் எழுத்தாளர் வாதாடப் போகக் கூடாது என்பதையும் இந்தப் பட்டியலில் சேர்த்தே ஆகவேண்டும். குட்ரீட்ஸ் தன் தளத்தில் இருக்கும் எழுத்தாளர்களுக்கு இதே அறிவுரையைத்தான் சொல்கிறது.