கொடைக்கானல் பழைய கல்வீடுகளின் மீட்டமைப்பு

கொடைக்கானல் பழைய கல்வீடுகளின் மீட்டமைப்பு என்பது, பழனி மலையில் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்டுப் பின்னர் சிதைவடைந்த வீடுகளை வலுப்படுத்தி, வேண்டிய இடத்து விரிவாக்கி, மீண்டும் குடியிருக்கத் தக்கனவாக்கும் கட்டமைப்புப் பொறியியல் பணிகளைக் குறிக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரில், அமெரிக்க மதுரை மிசன் 1845 ஆம் ஆண்டில் கட்டிய சன்னிசைடு, செல்ட்டன் ஆகியவையே முதல் பங்களாக்கள் ஆகும்.

கட்டுமான முறை

பழனி மலை பெரும்பாலும் சார்னோக்கைட்டு எனும் கடும்பாறையால் ஆனது. இக்கல் எளிதில் தேய்வதில்லை; ஆகவே பழைய சுவர்களில் கெடுவது கல் அன்று, கற்களுக்கு இடையிலுள்ள சாந்தே. தடித்த கற்சுவர் பொதுவாக வெளிமுகம், உள்முகம் என இரு அடுக்குகளைக் கொண்டிருக்கும். நடுவிடம் உடைகல்லும் மண்ணும் அல்லது சுண்ணாம்பும் கொண்டு நிரப்பப்படும். சுவரின் முழுத் தடிப்புக்கும் ஊடுருவும் இணைப்புக் கற்கள் போதிய அளவில் இல்லாவிடில், பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் சுவர் உண்மையில் இரண்டு மெல்லிய சுவர்களே ஆகும்.

சிதைவின் காரணங்கள்

முதன்மைக் காரணம் நீர். உடைந்த ஓடு, அடைபட்ட கூரை வடிகால், மேட்டுப் பக்கத்திலிருந்து கசியும் மழைநீர் ஆகியவற்றால் நடு நிரப்பு கரைந்து கீழிறங்க, சுவர் வயிறு தள்ளுகிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் இத்தகைய புடைப்பு கூடுதலாகத் தெரிவதுண்டு. பழுது நீக்குவதாக எண்ணிச் சீமைக்காரையால் இணைப்புகளைப் பூசுவது நிலைமையை மேலும் மோசமாக்கும். உட்சென்ற ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும்.

மற்றொரு காரணம் கூரையில் உள்ளது. எதிரெதிர்க் கைமரங்களை இணைக்கும் குறுக்குமரம் உளுத்துப்போனாலோ, மாடி அறைக்கு இடம் வேண்டி வெட்டப்பட்டாலோ, கைமரங்கள் சுவர்களின் தலையை வெளிப்புறம் தள்ளுகின்றன. சுவரின் மேற்பகுதியில் மட்டும் சாய்வு காணப்படின் முதலில் கூரையையே ஆராய்தல் வேண்டும்.

வலுப்படுத்தல்

பணி வடிகாலில் தொடங்குகிறது. மேட்டுப் பக்க மண்ணைத் தாங்கும் சுவரில் நீர் வெளியேறும் துளைகளும், அதன் பின்புறம் சல்லி நிரப்பும் அமைக்கப்படும். இதைச் செய்யாமல் சுவரைத் திருத்துவது வீண் செலவு. பின்னர் சுவருக்கு முட்டுக் கொடுத்து, உட்குழிவுகளில் நீர்த்த சுண்ணாம்புக் கலவை கீழிருந்து மேலாக, குறைந்த அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. அழுத்தம் கூடினால் வெளிமுகமே பெயர்ந்துவிடும். புதிய இணைப்புக் கற்களோ துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளோ இரு முகங்களையும் பிணைக்கின்றன. வலிமை குறைந்த கற்கட்டுமானங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எசு. 13828, 1993) இணைப்புக் கற்களை உயரத்தில் 60 செ.மீ., நீளத்தில் 1.2 மீட்டர் இடைவெளிக்கு மிகாமல் வைக்கக் கூறுகிறது. பழைய வீட்டைச் சோதிக்கவும் இது நல்ல அளவுகோல். அடித்தளத்தை ஆழப்படுத்த நேர்ந்தால், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக, அடுத்தடுத்த துண்டுகளைத் தவிர்த்துத் தோண்டுவர்.

விரிவாக்கம்

மலைச்சரிவில் விரிவாக்கம் பெரும்பாலும் கீழ்நோக்கியே நடைபெறுகிறது. சாலையிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு தளங்களாகத் தோன்றும் கட்டிடம் சரிவுப் பக்கத்தில் பல தளங்களைக் கொண்டிருக்கலாம். பிளசண்ட் சுடே விடுதி இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். அது பழைய வீடன்று, புதிய கட்டிடமே. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவுடனான வழக்கில், அனுமதிக்கப்பட்ட இரண்டு தளங்களுக்கு மேலாகக் கட்டப்பட்டவற்றை இடிக்கும் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1995 ஆம் ஆண்டில் உறுதி செய்தது.

பழைய வீட்டின் கீழே குடைந்து அறை அமைப்பது அதன் அடித்தள மண்ணையே அகற்றுவதாகும். மேலே கற்காரைத் தளம் ஏற்றுவதும் பிணைப்பற்ற சுவருக்குப் பெருஞ்சுமை. ஆகவே புதிய பகுதி தனி அடித்தளத்தின் மீது, இலகுவான மர அல்லது எஃகுச் சட்டகமாகப் பக்கத்தில் எழுப்பப்படுதல் விரும்பத்தக்கது. பழைய சுவர் நூறாண்டுக்கு மேலாக அமிழ்ந்து நிலைத்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமிழும். எனவே இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி விடப்பட்டு, மழைநீர் புகாதவாறு ஈயத் தகட்டாலோ துத்தநாகத் தகட்டாலோ மூடப்படும். அத்தகடு ஒரு பக்கம் மட்டுமே பொருத்தப்பட வேண்டும். இரு பக்கமும் அறைந்தால் முதல் மழைக்காலத்திலேயே கிழிந்துவிடக்கூடும்.