வேகத்தை நம்பாத சர்வீஸ்

டென்னிஸ் சர்வீஸ் என்றால் வேகம்தான் என்று நினைக்கிறோம். நம் நாட்டு டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனின் சர்வீஸ் மென்மையானது. அதோடுதான் 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். 1961 காலிறுதியில் அவரிடம் தோற்றவர் சாதாரண ஆளில்லை, ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சன்! பந்தை எங்கே போடுவது என்ற கணிப்புதான் கிருஷ்ணனின் பலம்.

இனி டிவியில் ஆட்டம் பார்த்தால், ராக்கெட்டை விட்டுவிட்டு, பந்தைத் தூக்கிப் போடும் கையைக் கவனியுங்கள். பந்து உடலுக்கு முன்னால் எழுந்தால் பெரும்பாலும் வேகமான நேரடி சர்வீஸ். தலைக்கு மேலே, சற்றுப் பின்னால் எழுந்தால் சுழல் சர்வீஸ். முதல் சர்வீஸ் தவறியதும் பலர் நம்புவது இந்தச் சுழலைத்தான்.

கலவை, வேலூர், ஆம்பூர் நேயர்களே, சென்னையில் போட்டி நடக்கும்போது நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துக்கே போய்ப் பாருங்கள். பந்து ராக்கெட்டில் படும் அந்தச் சத்தம் டிவியில் கிடைக்காது.