சின்டெக்ஸ் தொட்டிக்குள் கிறிஸ்துமஸ் தாத்தா

நியாயப்படி பார்த்தால் கிறிஸ்துமஸ் தாத்தா மதுரை செல்லூருக்குள் வரவே முடியாது. அவர் புகைபோக்கி வழியாக வீட்டுக்குள் இறங்குகிறவர். சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகளில் புகைபோக்கிக்கு எங்கே போவது? கலைமான் வண்டியை வாசலில் நிறுத்தலாம் என்றால், ஷேர் ஆட்டோவே திரும்ப முடியாத சந்து. மொட்டை மாடியில் இறங்கினால் காயப்போட்ட லுங்கி மானின் கொம்பில் மாட்டிக்கொள்ளும். அவருக்கு மிச்சம் இருக்கிற ஒரே வழி, மாடியில் நிற்கும் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி.

இந்த ஒரு யோசனை கிடைத்துவிட்டால் வாழ்த்து அட்டை பாதி முடிந்த மாதிரிதான். கறுப்பு அட்டையில் தொட்டியை வெட்டி ஒட்ட வேண்டும். மேலே வட்டமாக ஒரு மூடி. மூடியின் ஓரத்தில் மட்டும் சின்னப் பித்தளைப் பின்னைச் செருகி மடக்கிவிட்டால், விரலால் தள்ளும்போது அது விலகிக்கொடுக்கும். முகப்பில் ஒரு வரி: “என்னங்க, டேங்குல என்னமோ சத்தம் கேக்குது. மேல போய்ப் பாருங்க!” மூடியைத் தள்ளினால், சொட்டச் சொட்ட நனைந்த தாடியோடு தாத்தா சொல்கிறார்: “மொதல்ல மோட்டாரை அமத்துங்கப்பே!”

கடையில் விற்கும் அட்டைகளில் இந்தச் சிரிப்பு கிடையாது. பனி மூடிய பைன் மரம், வெள்ளி மணி, தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம், அவ்வளவுதான். கைவேலை ஆர்வலர்கள் ஆன்லைனில் வரவழைக்கும் ரப்பர் ஸ்டாம்ப் செட்டுகளில் நகைச்சுவை இருக்கிறது. ஆனால் அது மஃப்ளர் போட்ட பென்குயினின் நகைச்சுவை. பனிமனிதனின் மூக்கை முயல் தின்றுவிடுகிற ஜோக் நல்ல ஜோக்தான். அதைச் செல்லூர் அத்தைக்கு அனுப்பினால், பனிமனிதனுக்கு ஏன் கேரட்டில் மூக்கு என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விளக்கி முடிப்பதற்குள் பொங்கல் வந்துவிடும்.

கிறிஸ்துமஸ் அட்டை பிறந்தபோதே கொஞ்சம் வம்போடுதான் பிறந்தது. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி, ஊரெல்லாம் கடிதம் எழுதிக் கை ஓய்ந்துபோகாமல் இருக்க ஒரு வழி தேடினார். ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டவைத்தார். ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். படத்தில் ஒரு குடும்பமே கோப்பையை உயர்த்துகிறது. அதில் ஒரு பொடிக் குழந்தைக்கும் ஒயின் புகட்டுகிறார்கள். மதுவிலக்குக்காரர்கள் சும்மா விடுவார்களா? அதன் பிறகு வந்த விக்டோரியா காலத்து அட்டைகள் இன்னும் விசித்திரமானவை. செத்துக் கிடக்கும் ராபின் குருவி, இன்னொரு தவளையைக் கத்தியால் குத்திவிட்டு ஓடும் தவளை, கீழே வாழ்த்து! யாருக்கு என்ன தோன்றி இதையெல்லாம் அனுப்பினார்களோ. இன்று நாம் பார்க்கும் அடக்க ஒடுக்கமான அட்டையைவிட அவை எவ்வளவோ தேவலை என்பது என் கட்சி.

தாத்தாவின் உருவத்துக்கு வருவோம். உலகமெங்கும் தெரிந்த அந்தக் கொழுகொழு சிவப்புத் தாத்தாவைப் பிரபலமாக்கியது, ஹேடன் சண்ட்பிளாம் 1931 முதல் கோகோ கோலாவுக்காக வரைந்த விளம்பர ஓவியங்கள். நம் தெருவுக்கு வருகிறவர் அவர் அல்ல. டிசம்பர் ராத்திரிகளில் கேரல் குழுவோடு வருகிறவர் ஒல்லிப்பிச்சான். வயிற்றில் கட்டிய தலையணை ஆடுகிற ஆட்டத்தில் இடுப்புக்கு நழுவியிருக்கும். பிளாஸ்டிக் முகமூடியின் கண் ஓட்டை அவருடைய கண்ணுக்கு நேரே இருக்காது. பஞ்சுத் தாடி, சிவப்பு அங்கி, கீழே ஹவாய் செருப்பு. டிரம் சத்தம் கேட்டதும் குத்தாட்டம். சிரிப்பு அட்டைக்கு இவரைவிடத் தோதான ஆள் கிடைப்பாரா? ஸ்டாம்ப் செதுக்குவதென்றால் இவரைச் செதுக்க வேண்டும்.

செதுக்குவது பெரிய வித்தை இல்லை. பள்ளிக்கூடத்தில் வெண்டைக்காயை வெட்டிச் சாயத்தில் முக்கிப் பூப்பூவாக அச்சு வைத்தவர்கள்தான் நாம் எல்லோரும். அதற்கு அடுத்த படி, பென்சில் அழிக்கும் ரப்பர். நல்ல மெதுவான, தூள் உதிராத பெரிய ரப்பராக வாங்க வேண்டும். பட்டர் பேப்பரில் பென்சிலால் அழுத்தி வரைந்து, அதை ரப்பரின் மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் படம் இடவலம் மாறிப் பதிந்துவிடும். அச்சில் திரும்ப நேராகும். கோட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தைக் கத்தி நுனியாலோ லினோ கட்டராலோ தோண்டி எடுக்க வேண்டும். கத்தி எப்போதும் பிடித்திருக்கும் கையைப் பார்த்து வரக் கூடாது. எழுத்து செதுக்க ஆரம்பிக்கும்போதுதான் தமிழ் தன் வேலையைக் காட்டும். ‘ப’வும் ‘ட’வும் சமர்த்தாக வந்துவிடும். ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் துளியூண்டு வெள்ளையைத் தோண்டும்போது சுவர் இடிந்துவிடும். ‘வாழ்த்து’ என்று எழுதப்போய் ‘ழ’விடம் தோற்றவர்கள் பேனாவால் எழுதிவிட்டுப் போகலாம், தப்பில்லை.

ஆபீஸ் ஸ்டாம்ப் பேடின் ஊதா மை பளபளப்பான ஆர்ட் பேப்பரில் லேசில் காயாது, கை பட்டால் இழுவும். ஐவரி அட்டை மாதிரி வழுவழுப்பு குறைந்த தாள்தான் சரி. அந்த ஊதா நிறத்திலேயே ஒரு நகைச்சுவை இருக்கிறது. குழந்தைகள் தாத்தாவுக்குப் பரிசு கேட்டு எழுதும் கடிதத்தை மனுவாக்கிவிடுங்கள். “ஐயா, எனக்கு ரிமோட் கார் வேண்டி…” என்று நாலு வரி. மேலே சாய்வாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: ‘மனு பெறப்பட்டது’. அட்டையைத் திறந்தால் இன்னொன்று: ‘பரிசீலனையில் உள்ளது’. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சொன்னால் ஸ்டாம்ப் கடையிலேயே செய்து கொடுப்பார்கள். அரசு முத்திரை, பதவிப் பெயர் எதையும் அதில் வைக்காதீர்கள். அது விளையாட்டல்ல.

இனி வெட்டு. டை கட்டிங் என்றால் மதுரைக்காரர்களுக்குச் சிவகாசி ஞாபகம் வரும். தீப்பெட்டி லேபிளில் தொடங்கி காலண்டர், பொங்கல் வாழ்த்து என்று வளர்ந்த அச்சுத் தொழில் அது. எண்பதுகளில் மார்கழி பிறந்ததும் பெட்டிக்கடை வாசலில் எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல், முருகன் எல்லோரும் ஒரே சரத்தில் தொங்கிய அட்டைகள் அங்கிருந்து வந்தவைதான். பிளைவுட் பலகையில் கோடு வெட்டி, கூரான எஃகுப் பட்டையை வேண்டிய உருவத்துக்கு வளைத்துச் செருகுவார்கள், அதுதான் டை. மடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் மொண்ணைப் பட்டை. வெட்டிய தாள் டையிலேயே ஒட்டிக்கொள்ளாமல் வெளியே தள்ள, பட்டையின் இருபக்கமும் ஸ்பாஞ்சுத் துண்டு. இயந்திரம் ஒரு முறை அமுக்கினால் வெட்டும் மடிப்பும் ஒன்றாக விழும்.

வீட்டில் வைத்துக்கொள்ளும் கருவி சின்னது, கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தின் தம்பி. இரண்டு உருளைகள், ஒரு கைப்பிடி. பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் அட்டை, அதன்மேல் வெட்டும் முனை கீழே பார்க்க மெல்லிய உலோக டை, திரும்ப ஒரு தட்டு. நுழைத்துச் சுற்றினால் நறநறவென்று ஒரு சத்தம். சத்தத்துக்குப் பயந்து நிறுத்தக் கூடாது. நுணுக்கமான டையில் தாள் சிக்கிக்கொண்டால், நடுவில் மெழுகுத்தாள் வைத்து இன்னொரு முறை ஓட்டினால் கழன்று வரும். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து இதை வாங்கத்தான் வேண்டுமா? பத்து அட்டைக்குக் கத்தரிக்கோலும் வளையல் வைத்து வரைந்த வட்டமும் போதும். ஐம்பது அட்டை என்றால் மணிக்கட்டு கெஞ்ச ஆரம்பிக்கும், அப்போது யோசிக்கலாம். எதில் வெட்டினாலும், வெட்டு ஜோக்கை ஒளித்துவைக்க வேண்டும். கதவு, மூடி, ஜன்னல், திரை, ஏதோ ஒன்று விலகிய பிறகுதான் சிரிப்பு வர வேண்டும். அலங்காரத்துக்காக வெட்டுகிற பூவும் நட்சத்திரமும் எனக்கு அலுத்துவிட்டன.

பனி வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் மதுரையிலேயே சரக்கு இருக்கிறது. சுங்குடிப் புள்ளி! கருநீல அட்டையில் பென்சிலின் பின்பக்கத்தை வெள்ளை போஸ்டர் கலரில் தொட்டுப் புள்ளி வைத்தால், பனி பெய்த மாதிரியும் இருக்கும், பாட்டியின் புடவை மாதிரியும் இருக்கும். தாத்தாவின் அங்கியையே சுங்குடியாக்கிவிட்டால் இன்னும் விசேஷம். குடிலுக்கு உதிர்க்கிற தெர்மாகோலை அட்டையில் ஒட்டலாமா என்று செல்லூரில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். 2017 ஏப்ரலில், தண்ணீர் ஆவியாகாமல் இருக்க வைகை அணையில் அன்றைய அமைச்சர் செல்லூர் கே.ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரைக்கே திருப்பி அனுப்பியதும் ஊரறிந்த கதை. அதையும் ஒரு அட்டையாக்கலாம். கலைமான் வண்டி தெர்மாகோல் பனியில் சறுக்கிக்கொண்டு போகிறது, காற்றடிக்கிறது, திறந்தால் வண்டி புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது.

வாட்ஸ்அப்பில் வடிவேலு மீம் இலவசமாகப் போய்ச் சேருகிற காலத்தில் இத்தனை பாடா என்று கேட்பவர்கள், ஒரு அட்டையைக் கையில் வாங்கி மூடியைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அனுப்புவதில்தான் கவனம் வேண்டும். சாதாரணத் தபாலில் முதல் கட்டணப் படி 20 கிராம். 300 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றே 19 கிராம் அளவுக்கு வரும். அதை முழுசாக மடித்து அட்டை செய்தால் கவரோடு சேர்த்து எடை தாண்டிவிடும். தபால்தலை குறைந்தால் வாங்குகிறவரிடம் அபராதம் கேட்பார்கள், காசு கொடுத்து வாழ்த்தை மீட்ட சொந்தக்காரர் அடுத்த வருஷம் வரை சொல்லிக்காட்டுவார். தாளைப் பாதியாக வெட்டி இரண்டு அட்டையாக்கினால் ஒவ்வொன்றும் 10 கிராமுக்குள் நிற்கும், மேலே ஒட்டுகிற சாமான்களுக்கும் கவருக்கும் இடம் இருக்கும். தாத்தாவின் தொப்பையைத் தூக்கிக் காட்ட அடியில் ஃபோம் டேப் வைத்தவர்கள், அந்தத் தொப்பை கவரின் வலது மேல்மூலைக்கு வராதபடி திருப்பிப் போடுங்கள். தபால் நிலையத்தில் முத்திரைக் கட்டை ஓங்கி விழுவது அந்த மூலையில்தான்.