வழியில் ஒரு பூட்டு, மேசையில் ஒரு பூட்டு

எங்கள் லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஒப்பீசுக்குத்தான் வரும். மேசையில் கிடக்கும், யாராவது எடுத்துவந்தால்தான் கைக்குச் சேரும். அக்காவின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து, ஓரம் பிரிந்த உறையில் வந்தது. யார் பிரித்தது என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இருக்கவில்லை. இணையத்தில் குறியாக்கம், அதாவது சாவி இல்லாதவர் வாசிக்க முடியாதபடி எழுத்தை மாற்றுவது, எதற்கு என்று யார் கேட்டாலும் அந்த உறைதான் என் கண்முன் வரும்.

ஆரம்பத்தில் இணையக் கடிதங்களுக்கு உறையே இருக்கவில்லை. கோப்பு அனுப்ப 1971இல் வந்த எஃப்.டி.பி. விதிமுறையில் கடவுச்சொல்கூடத் திறந்த எழுத்தில்தான் போகும். 1982இல் வந்த மின்னஞ்சல் விதிமுறையும் மூடாத கடிதம்தான். 1995இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திரட்டினார்கள். அதைக் கண்டுதான் அங்கிருந்த தத்து யூலோனன் எஸ்.எஸ்.எச். என்ற பூட்டிய வழியை எழுதினார். இணையத்தளங்களுக்கு அந்த வேலையைச் செய்வது டி.எல்.எஸ்.; அதன் 1.3ஆம் பதிப்பு 2018இல் வெளியானது. முகவரியின் தொடக்கத்தில் ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்றிருந்தால் உறை ஒட்டியிருக்கிறது. நடுவில் இருப்பவருக்கு எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும். உள்ளே என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. 2016 முதல் வட்ஸ்அப் செய்திகளை அந்த நிறுவனமே வாசிக்க முடியாது.

ஆக, வழி பத்திரம். போய்ச் சேர்ந்த இடம்?

ஹட்டன் டவுனில் ஒரு போட்டோ கொப்பிக் கடை. மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மகனுடைய அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கடையின் வட்ஸ்அப் நம்பருக்கு அனுப்பினார். கடைத் தம்பி கணினியில் ‘டவுன்லோட்ஸ்’ பெட்டியைத் திறந்தார். திரை முழுக்க அடையாள அட்டைகள். முந்தின வாரம் வந்தவர்கள், போன மாதம் வந்தவர்கள், எல்லாரும் முகம் காட்டிக்கொண்டு இருந்தார்கள். பூட்டிய வழியில் வந்த கடிதம், பிரித்த உறையாக மேசையில் கிடந்தது.

சேமித்து வைத்த கோப்புக்கு வேறு பூட்டு வேண்டும். 2019இல் வந்த அண்ட்ரொய்ட் 10உடன் விற்பனைக்கு வரும் போன்களில் உள்சேமிப்பு குறியாக்கம் ஆகியிருப்பது கட்டாயம். விலை குறைந்த போனின் சிப்புக்கு ஏ.இ.எஸ். என்ற வழக்கமான குறியாக்க முறை பாரமாக இருந்ததால், அதே ஆண்டு கூகுள் ‘அடியாண்டம்’ என்ற இலகுவான முறையைக் கொடுத்தது. கொழுந்தெடுத்த சம்பளத்தில் வாங்கிய போனுக்கும் பூட்டு உண்டு என்பது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் சாதாரணமாக அந்தப் பூட்டு இல்லை. கணினியின் டிஸ்க்கைப் பூட்டினாலும், கடை திறந்து கணினி ஓடும் நேரமெல்லாம் அதுவும் திறந்தேதான் இருக்கும். களவு போனால்தான் அது காக்கும்.

சாவி யார் கையில் என்பதும் பெரிய கேள்வி. 2023 ஆகஸ்டில் இலங்கை அரச மேகக் கணிமையைத் தாக்கியவர்கள், இதே குறியாக்கத்தால் கோப்புகளைப் பூட்டிவிட்டார்கள். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. வலையமைப்போடு சேராத பிரதி ஒன்று தனியாக இருந்திருந்தால் அவற்றை மீட்டிருக்கலாம்.

ஹட்டன் கடையில் பிரிண்ட் எடுத்து முடிந்ததும், பக்கத்தில் நின்ற நான், படங்கள் கணினியிலேயே கிடக்கும் என்று அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் காசை நீட்டியபடியே கேட்டார்: “தம்பி, மகன்ட ஐடிய அதுல இருந்து அழிச்சிருங்களேன்.” தம்பி முகம் சுளிக்கவில்லை. பெட்டியில் அழித்தார், குப்பைத் தொட்டியையும் காலி செய்தார், வட்ஸ்அப்பில் வந்ததையும் நீக்கினார். பிறகு அவராகவே போன மாதத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்ய ஆரம்பித்தார்.