கோழியின் வயிற்றிலும் ஓர் ஆலை

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பல்கள் சீனக்குடாவிலுள்ள பிறீமா ஆலையில் சரக்கை இறக்குகின்றன. 1980 முதல் நாட்டின் பாணுக்கான மா அங்கே அரைபடுகிறது. மிஞ்சும் தவிடு கால்நடைத் தீனாகிறது. அரைத்த தீனைக் காசு கொடுத்து வாங்குவதை விட, அரைக்காத தானியத்தையே புறொயிலருக்குப் போட்டால் என்ன? தீன் செலவே மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கும் தொழிலில், நிலாவெளிப் பக்கம் கோழி வளர்ப்பவருக்கு இது நியாயமான கேள்விதான்.

ஊர்க்கோழி முழு நெல்லைத் தின்று செரிக்கிறது. கடலுக்குள் தெரியும் புறாத்தீவின் மாடப்புறாவும் அப்படியே. பறவைக்குப் பல் இல்லை. அதற்குப் பதிலாக அரைப்பை இருக்கிறது. கறிக்கு வெட்டும்போது உள்ளே மஞ்சள் தோலை உரித்து எறிவோமே, அந்தத் தடித்த தசைதான். அதற்கு முன்னாலுள்ள சுரப்பிப்பையில் ஊறும் அமிலத்தில் தானியம் நனைய, அரைப்பை அதைப் பிசைந்து நொறுக்குகிறது. போதிய அளவு பொடியானால்தான் குடலுக்குள் விடும்.

புறொயிலருக்கும் இந்த ஆலை உண்டு, ஆனால் வேலை இல்லை. தூளாக அரைத்து அழுத்திய பெலட் வயிற்றில் உடனே கரைந்து போய்விடுகிறது. உழைக்காத தசை சுருங்கி வெறும் வழிப்பாதையாகிவிடும்.

இதை விரிவாக ஆராய்ந்தவர்களில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். பேராதனையில் வேளாண்மை படித்து, நியூசிலாந்து மாசி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான வேல்முருகு இரவீந்திரன். அவரது குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தீனில் ஐந்தில் ஒரு பங்கு கோதுமையை முழுசாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பெலட் அடிக்கும் முன்பே கலந்தால் பலன் குறைவு. இயந்திர அழுத்தத்தில் மணி உடைந்துவிடும். அடித்த பெலட்டோடு பிறகு கலந்தபோதுதான் அரைப்பை பருத்தது, தின்ற தீனுக்குக் கிடைத்த எடையும் கூடியது. டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் பண்ணைகள் பல்லாண்டாக இப்படிச் செய்கின்றன. இரத்தக் கழிச்சலும் குறையும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு நம்பிக்கை கிளம்பியது. பிந்திய ஆய்வுகள் பலவும் அதற்கு ஒத்துவரவில்லை. அதை நம்பித் தடுப்பு மருந்தை நிறுத்த வேண்டாம்.

கைக்காசு போகும் இடம் கணக்கில் இருக்கிறது. கடைசிப் பருவத் தீனில் புரதம் நூற்றுக்கு 20 என்று வைப்போம். சோளத்தில் எட்டரை. 80 கிலோ தீனுக்கு 20 கிலோ சோளத்தைக் கொட்டினால் புரதம் 17.7க்கு இறங்கிவிடும். விற்றமினும் உப்புச்சத்தும் கூடவே நீர்த்துப்போகும். மூடை மிச்சமாகும், கோழியின் எடை நிற்கும். மீதித் தீனைச் செறிவாக்காமல் தானியம் மட்டும் சேர்ப்பது சாம்பாரில் தண்ணீர் ஊற்றுகிற கதை. கம்பனியே குஞ்சும் தீனும் தரும் ஒப்பந்தத்தில் வளர்ப்பவருக்கு இந்தச் சோதனைக்கு இடமே இராது.

எந்தத் தானியம்? கப்பலில் வரும் கோதுமை ஆலைக்குப் போகிறது, நமக்கு எட்டாது. ஜப்பானில் இறக்குமதிச் சோளத்தைக் குறைக்க நெல்லை உமியோடே கோழிக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, அடுத்த ஆண்டு அரிசி விலை கைக்கு எட்டாமல் போன நாட்டிலிருந்துகொண்டு, நெல்லைக் கோழிக்குப் போடுங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எஞ்சுவது சோளம். அதன் மணி பெரிது, குஞ்சுக்கு உடைத்துத்தான் போட வேண்டும். மாரி மழையில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்த சோளத்தில் அஃப்ளாடொக்சின் நஞ்சு இருக்கலாம். கழுவினாலும் காயவைத்தாலும் அது போகாது.

அரைப்பைக்கு அரைக்கக் கல் வேண்டுமே என்று கடற்கரைக்கு வாளியோடு போகிறவர்கள் கவனிக்க: சிப்பியும் முருகைக்கல் துண்டும் சுண்ணாம்பு, வயிற்று அமிலத்தில் கரைந்துபோகும். கடல் மணலின் உப்பைத் தின்ற கோழி தண்ணீராய்க் குடித்துக் கூட்டுத் தரையை நனைத்துவிடும். கருங்கல் பொடியே சரி.

குஞ்சின் இரண்டாவது வாரத்தில் தானியத்தைத் தீனில் நூற்றுக்கு ஐந்து என்று தொடங்கி மெல்ல ஏற்றலாம். வாரம் ஒருமுறை பத்துக் கோழியைத் தராசில் வைத்துப் பாருங்கள். எச்சத்தில் முழு மணி தெரிந்தால், ஆலை இன்னும் தயாராகவில்லை. ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.